உப்புப் பக்கம் கீழே

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1996இல் லண்டன் லூயிஷாமில் ஒரு பிறந்தநாள் விருந்தில் இம்மாகுலேற் அக்கா சொன்னது. ரோல்ஸுக்கும் வடைக்கும் நடுவே அவர் கொண்டுவந்த பாண் ரொட்டி இருந்தது. தட்டையாக, இரண்டு விரல் தடிப்பில், மேலெல்லாம் குழிகள். குழிகளில் எண்ணெயும் உப்புக்கல்லும்.

"ஃபொக்காச்சா. இத்தாலிக்காரற்ர பாண். சாப்பிட்டுக்கொண்டு கேளும்."

கேட்டு முடித்ததும், எழுதலாமா என்றேன்.

"எழுதும். ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டோணும்."

அந்த நிபந்தனைதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது.

2

முதல் தொடக்கம்: "1988 பெப்ரவரி. லண்டன் தெருக்களில் பனி பூவாய்ச் சொரிந்து—"

(அடித்துவிட்டேன். அன்று பனி சொரியவில்லையாம். தரை உறைந்து வழுக்கியது, அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம், அக்கா சம்மதித்தது:

இம்மாகுலேற் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவர். லண்டனுக்குத் தனியே வந்து அகதி விண்ணப்பம் போட்டார். வேலை அனுமதி கிடைத்ததும் கிளாக்கன்வெல்லில் ஓர் இத்தாலியப் பேக்கரியில் தட்டுக் கழுவினார். கணவர் கிறிஸ்துராஜா கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார். விண்ணப்பம் சரிவந்தால்தான் அவரைக் கூப்பிடலாம்.

பேக்கரி ஓர்னெல்லாவுடையது. ஜெனோவாக்காரி. இருவருக்கும் ஒரே வயது, நாற்பத்திரண்டு. அகதி விண்ணப்ப நேர்முகத்துக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு வரும்படி கடிதம் வந்தபோது, "நானும் வாறன்" என்றார் ஓர்னெல்லா. நேர்முகத்துக்கு முதல்நாள் கடை வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு எட்டுத் தட்டு ஃபொக்காச்சா கொடுக்க வேண்டும். ஒரு மணிக்குக் குரோய்டனில் நிற்க வேண்டும்.

3

இங்கே எனக்கு ஓர்னெல்லாமேல் சந்தேகம் வந்தது. அகதிக்கு உதவும் வெள்ளைக்காரி. யார் நம்புவார்கள்? கொஞ்சம் காரம் சேர்த்தேன்: "'உன்னுடைய குரோய்டன் எனக்கு முக்கியமில்லை,' என்று ஓர்னெல்லா கத்தி—"

வாசித்துக் காட்டினேன். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ அப்பிடிச் சொல்லேல்லைத் தம்பி."

"ஓம் அக்கா. கதை நம்புறமாதிரி இருக்கோணுமெல்லோ."

"கெட்ட ஆக்களைப் பற்றி எழுதேக்கை ஆதாரம் கேக்கிறனீரோ? நல்லவவுக்கு மட்டும் ஏன்?"

வரியை அடித்தேன்.

4

நடந்தது இது. (இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். அக்கா எனக்குத் தமிழில் சொன்னபடியே தருகிறேன்.)

விடியப்புறம் கட்டுப்போட்ட கையுடன் ஓர்னெல்லா மா மூட்டையில் உட்கார்ந்திருந்தார். முதல்நாள் குழைத்த மா புளித்துப் பொங்கியிருந்தது. இம்மாகுலேற் அதை எண்ணெய் பூசிய தட்டில் பரப்பி, தட்டெழுத்துப் பழக்கத்தில் விரல் நுனியால் தட்டி, உப்புக்கல் தூவினார். முதல் தட்டு போறணை அடுப்பிலிருந்து வந்தபோது குழி ஒன்றுமில்லை, பலகைபோல இருந்தது.

"நுனியாலை இல்லை. விரலைப் படுக்கவையும். அடியிலை தட்டு முட்டுமட்டும் அழுத்தும். பயப்பிடாதேயும், அதுக்கு நோகாது."

இம்மாகுலேற்றுக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பத்து விரலும் புதைய அழுத்தினார். உப்புத் தண்ணீரையும் ஒலிவ் எண்ணெயையும் கலக்கி மேலே ஊற்றச் சொன்னார் ஓர்னெல்லா. குழியெல்லாம் குட்டிக் குளங்களாயின.

"இவ்வளவு தண்ணியோ? ஊறிப்போகுமே."

"போறணை குடிச்சுப்போடும்."

குடித்தது. எட்டுத் தட்டும் பொன்னிறமாக வந்தன, நேரத்துக்குப் போயும் சேர்ந்தன. ஓர்னெல்லா கடையைப் பூட்டினார். பிழையாய்ப்போன முதல் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, இருவரும் குரோய்டனுக்கு ரயில் ஏறினார்கள்.

காத்திருக்கும் இடத்தில் இம்மாகுலேற்றுக்குப் பசித்தது. இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஓர்னெல்லா ஒற்றைக் கையால் பாணைப் பிய்த்துக் குப்புறத் திருப்பினார்.

"உப்புப் பக்கம் கீழை. நாக்கிலை முதல் உப்புப் படோணும். எங்கட ஊரிலை காலமை கோப்பியிலை தோய்ச்சுத்தான் தின்னுவம்."

பிளாஸ்கில் இருந்த கோப்பியில் தோய்த்து நீட்டினார். உப்பு, எண்ணெய், கோப்பி. என்ன சேர்க்கை இது என்று நினைத்தபடி முழுத்துண்டையும் தின்றுவிட்டார் இம்மாகுலேற். அப்போது பெயர் கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு மணித்தியாலம். குரல் நடுங்கவில்லை. வெளியே வந்தபோது ஓர்னெல்லா கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரையாயிருந்தார். இம்மாகுலேற் எழுப்பவில்லை. பக்கத்தில் அமர்ந்து, அந்தக் கட்டுப்போட்ட கை சரிந்து விழாமல் தாங்கிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்தில் விண்ணப்பம் சரிவந்தது. அடுத்த வருடம் கிறிஸ்துராஜா வந்து சேர்ந்தார்.

5

1994இல் ஓர்னெல்லா கடையை விற்றுவிட்டு ஜெனோவாவுக்குத் திரும்பினார். முடிவு இங்கேதான் இருக்க வேண்டும். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அ) விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

ஆ) ஓர்னெல்லா சொல்லாமலே போய்விடுகிறார். இம்மாகுலேற் பூட்டிய கடை வாசலில்—

இரண்டையும் வாசித்தேன். அக்கா தலையாட்டவில்லை.

"அப்ப, அவ ஊருக்கு வெளிக்கிடேக்கை நீங்கள் அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னனான்."

"என்ன?"

"அது அவவுக்குச் சொன்னது, தம்பி. உமக்கில்லை."

அதனால் அந்த வசனம் என்னிடம் இல்லை. உங்களுக்கும் யாரிடமோ சொல்லாமல் நின்றுபோன ஒன்று இருக்கக்கூடும். இருந்தால், கீழே பாதியில் விட்டிருக்கும் வசனத்தில் வைத்துவிடுங்கள். அக்கா மறுக்கமாட்டார்.

இம்மாகுலேற் அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஓர்னெல்லா,