பத்து நிமிச வேலை

ஹட்டன் பஜாரில் லெப்டொப் திருத்தும் நிப்ராஸுக்குக் கைராசி உண்டு. ஒரு வேலையை முழுசாக முடிக்கிற குணம்தான் கிடையாது. "வேலை செய்யுதுதானே, பொறகென்ன?" என்பான். அந்த வாயைப் பிறகு அவனே சபித்துக்கொண்டான்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த சுமனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போய்விட்டது. எழுதியதைப் பேசிக் காட்டும் மென்பொருள் ஒன்றை நிப்ராஸ் அவருடைய பழைய லினக்ஸ் லெப்டொப்பில் ஏற்றிக் கொடுத்தான். வழக்கமான இடத்தில் அது ஏறாமல் சண்டித்தனம் பண்ணியது. வேறொரு மூலையில் போட்டு வைத்தான். பேசத்தான் பேசியது. ஆனால் அமுக்கித் திறக்க மெனுவில் அதற்குப் படம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் திரையில் டெர்மினல் என்கிற கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து, ஆங்கிலத்தில் ஒரு வரி அடிக்க வேண்டும். அந்த வரியைத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிட்டான். வேலை முடிந்ததாம்!

பெருநாள் நெருங்கிய கிழமையில் சுமனின் மனைவி லெட்சுமி லெப்டொப்பைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"தம்பி, முந்தி அவரே தொறந்துக்குவாரு. இப்ப கை நடுங்குது. தொறந்துட்டா உள்ள இருக்க பெரிய எழுத்த மெதுவா அமுக்கிக்குவாரு, தொறக்கத்தான் முடியல. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஒரு படம் வச்சுத் தாங்களேன்."

"மெனு வழக்கமான எடத்துல மட்டும்தான் தேடும் அக்கா. இது வேற எடத்துல கெடக்கு."

"நம்ம லயத்து வீடுகளுக்கு வர்ற கடுதாசி மாதிரிங்களா? வீட்டுக்கு நம்பரில்ல, தோட்டத்து ஆபீசுலயே கெடக்கும்."

நிப்ராஸ் சிரித்தான். பத்து நிமிச வேலைதான். ஆனால் கடை நிறைய ஆட்கள். "பெருநாள் முடிஞ்சு வாங்களேன் அக்கா."

பெருநாள் முடிந்து லெப்டொப்போடு அவள் வந்தாள். நெற்றியில் பொட்டில்லை.

"அவரு போய்ட்டாரு தம்பி. கடைசி நாளு லெப்டொப்பையே கைகாட்டுனாரு. என்னமோ சொல்லணும்னு இருந்தாரு. பொழுது சாயிற வரைக்கும் அடிச்சுப் பாத்தேன்."

சொல்லிவிட்டு, கறுப்புப் பெட்டியைத் திறந்து, தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி எழுத்தை அடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இப்பிடியேதான் உக்காந்திருந்தேன். தொறக்கவேயில்ல. எங்க தம்பி பெசகுனேன்?"

நிப்ராஸ் திரைக்குக் கீழே தான் ஒட்டிய தாளைப் பார்த்தான். அடித்து முடித்ததும் எண்டரைத் தட்ட வேண்டும் என்று அந்தத் தாளில் அவன் எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டான், பாவி.

"நீங்க பெசகல அக்கா."

"இப்பவாவது அந்தப் படத்த வைங்க தம்பி. அவரு முந்தி எழுதுனதக் கேக்கணும்."

மெனு தேடும் இடத்தில் ஆறு வரிக் கோப்பு ஒன்றை எழுதி வைத்தான். பத்து நிமிசம்கூட ஆகவில்லை. மெனுவில் படம் வந்தது. லெட்சுமி அதை அமுக்கினாள். சுமன் கடைசியாக எழுதியது அப்படியே இருந்தது. பேசும் பட்டனை நிப்ராஸ் காட்டிக் கொடுத்தான்.

"லெட்சுமி, மழை வருது. உடுப்ப எடு," என்றது இயந்திரக் குரல்.

லெட்சுமி அதை மூடிவிட்டு மறுபடியும் படத்தை அமுக்கினாள். மறுபடியும் திறந்தது.

"ஒரே அமுக்குதான், இல்ல தம்பி?" என்றாள்.