மூன்று மீட்டர்

லிஷோம்வாவுக்கு வலது தோள்பட்டை எரிந்தது. நகரசபைக்காகத் தெரு நெடுக நாற்பத்தோரு இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கிய தோள். ஒன்பது நாள் ஆகியும் வலி விடவில்லை. கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் நின்றான். அவன் மனைவி எட்னா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உதவிக்கு வரவில்லை.

"நாப்பத்தோரு முளைதானே அடிச்சே? கை நாப்பத்திரண்டுக்கு வலிக்குதாமா?" என்றாள்.

"வாயை மூடுடி."

"நான் மூடிக்கிறேன், சூல்வே அப்பா. இன்னிக்கு ஆபீசர் அம்மா வந்து கேப்பாங்க. நீ வாயைத் திறப்பியா, அதைச் சொல்லு."

அவள் சோளக்களியை ஆத்திரமாகக் கிண்டினாள். அவள் கிண்டிக்கொண்டிருந்த அந்தத் தகர அடுப்படி நின்றுகொண்டிருப்பதே நாற்பத்திரண்டாவது முளையால்தான். அது இருவருக்கும் தெரியும்.

முப்பது வருஷமாக லுசாக்கா நகரசபையின் வரைபடத்தில் அவர்கள் குடியிருந்த முலெம்பா வெறும் பச்சை. பத்தாயிரம் பேர் பிள்ளை பெற்று, காலராவில் செத்து, கல் உடைத்துப் பிழைத்த இடத்துக்குக் காகிதத்தில் மரம் என்று பெயர். இந்த வருஷம்தான் பச்சையை அழித்து மஞ்சள் பூசினார்கள். குடியிருப்புப் பகுதி. ஆகவே ஒன்பது மீட்டர் ரோடு, ரோட்டோரம் சாக்கடை, தண்ணீர்க் குழாய். வரைபடத்தைத் தேவாலயச் சுவரில் ஒட்டிய அன்று ஜனங்கள் கூடி ஆடினார்கள்.

வரைபடத்தின்படி ரோட்டுக்காக எந்த வீடும் விழ வேண்டியதில்லை. வார்டு சேர்மன் சிகாஸ்வேயின் பீர்க்கடைத் தாழ்வாரம் போகும். பக்கத்தில் லிஷோம்வாவின் அடுப்படி போகும். அவ்வளவுதான்.

பீர்க்கடை முன்னால் ரோட்டுக்கான முளையை லிஷோம்வா முதலில் சரியான இடத்தில்தான் அடித்தான். சர்வேயர் வெயில் தாங்காமல் பீர்க்கடைக்குள் குளிர்பானம் குடிக்கப் போனார். சேர்மன் வெளியே வந்தார்.

"பிடுங்குடா அதை. மூணு மீட்டர் அந்தப் பக்கம் தள்ளி அடி."

"அந்தப் பக்கம் தெலேசா அம்மா வீடு இருக்குங்க. முன் அறையிலேயே விழும்."

"யார் வீடு? கணக்கெடுப்புல யார் பேர் இருக்குன்னு எனக்குத் தெரியும். உன் அடுப்படி பிழைக்குதா இல்லியா? அப்புறம் என்னடா?"

பிடுங்கினான். தள்ளி அடித்தான், அதுதான் கணக்கில் இல்லாத நாற்பத்திரண்டாவது. சர்வேயர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

எதிர்ப்பக்கம் ஜல்லிக் குவியலின்மேல் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்த தெலேசா அம்மா, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவள் அறுத்தது. புருஷன் செங்கல் தொட்டதில்லை, தொட்டதெல்லாம் பாட்டில். ஆனால் அவன் செத்தபின் கணக்கெடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று "வீட்டுத் தலைவர் யார்?" என்று கேட்டபோது, புருஷனின் தம்பி கபெம்பா பக்கத்தில் நின்றிருந்தான். புருஷன் வீட்டு ஆண் நிற்கும்போது விதவை தன் பெயரைச் சொல்வது அங்கே மரியாதை இல்லை. அவள் தலையைக் குனிந்து, "அவர்தான்," என்று கொழுந்தனைக் காட்டினாள். எழுதிக்கொண்டு, கதவில் 214 என்று சிவப்பு மையால் போட்டுவிட்டுப் போனார்கள். கதவில் எண் இருக்கும்வரை வீடு தன்னுடையது என்று அவள் நம்பினாள். தினமும் அந்த எண்ணின்மேல் படியும் தூசியைத் துடைத்தாள்.

இப்போது வீடு இடிவதற்குப் பதிலாக ஊருக்கு வெளியே ஒரு மனை கொடுக்கிறார்கள். கபெம்பா வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். சேர்மனின் கூட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்த ஆண்களெல்லாம் கை தூக்கினார்கள். தரையில் உட்கார்ந்திருந்த தெலேசா அம்மா எழுந்தபோது, "உரிமையாளரே சரின்னுட்டார், நீ யாருக்காகப் பேசறே?" என்றார் சேர்மன். லிஷோம்வாவும் கை தூக்கியிருந்தான். அப்போதும் தோள் வலித்தது.

தெலேசா அம்மா நகரசபை அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தாள். அதனால்தான் இன்றைக்குத் திட்ட அதிகாரி வருகிறாள்.

பத்து மணிக்கு வந்தாள். சின்ன வயசு, பெரிய செருப்பு, கையில் கோப்பு. தெலேசா அம்மா அவளைப் பீர்க்கடைத் தாழ்வாரத்தின் முன்னால் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினாள். ஒரு குழி. விரல் மூன்று நுழையும் அகலம்.

"இங்கதான் மொதல்ல அடிச்சாங்க, மேடம். பிடுங்கி என் வீட்டுக்குள்ள அடிச்சிட்டாங்க."

"அய்யோ, அது ஆடு கட்டற முளை அடிச்ச குழி, மேடம்," என்று சேர்மன் சிரித்தார்.

அதிகாரி குழியைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள். "சர்வேயர் கையெழுத்துப் போட்டுட்டார். திரும்ப அளக்கணும்னா எனக்கு ஒரு சாட்சி வேணும். முளை அடிச்சது யாரு?"

கூட்டம் விலகி லிஷோம்வாவுக்கு வழி விட்டது.

"நீங்கதானா? சொல்லுங்க. இது என்ன குழி?"

தெலேசா அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். எட்னா தன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். பிறகு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆடு கட்டின குழிங்க," என்றான் லிஷோம்வா.

அந்தத் தெருவில் யாரிடமும் ஆடு கிடையாது. ஆட்டுக்கு மேய ஒரு புல் கிடையாது. கூடியிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. இரண்டு அறையையும் தள்ள ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இடிந்த கல்லை ரோட்டுக்கு அடியில் போட எடுத்துக்கொண்டார்கள். அதைப் பரப்பித் தட்டும் வேலைக்கும் லிஷோம்வாவைத்தான் கூப்பிட்டார்கள். போனான். கதவுப் பலகைத் துண்டு ஒன்று கையில் வந்தது. அதில் 21 இருந்தது, 4 இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு மண்ணுக்குள் வைத்துத் தட்டினான்.

அன்றையிலிருந்து அவன் தெருவில் நடந்தால் ஜல்லி உடைக்கிற பெண்கள் தலை நிமிராமலே, "மே..." என்பார்கள். ஒருத்தி ஆரம்பித்தால் தெருக்கோடிவரை போகும். "புல்லு வேணுமாய்யா? கட்டிப்போட முளை வேணுமா?" வீட்டில் எட்னா அடுப்படியைவிட்டு வெளியே வந்தாள். முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி வெயிலில் சமைத்தாள். தகர அடுப்படி சும்மா கிடந்தது.

தெலேசா அம்மா மட்டும் அவனைப் பார்த்துக் கத்தியதில்லை. மனையை வாங்கிக்கொண்ட கபெம்பா அவளுக்கு அங்கே ஒரு மூலை தருவதாகச் சொன்னான். போகவில்லை. மகள் தெலேசாவை அக்காள் வீட்டில் விட்டாள். தன் ஜல்லிக் குவியலைத் தலைச்சுமையாகச் சுமந்து ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து, பீர்க்கடைத் தாழ்வாரத்தின் முன்னால், அந்தக் குழியின்மேல் கொட்டினாள். அதன்மேல் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தாள். சில்லுகள் குடிகாரர்களின் தம்ளரில் போய் விழுந்தன.

சேர்மன் பாய்ந்து வந்தார். "எழுந்திரு! யாரைக் கேட்டு என் வாசல்ல உக்காந்தே?"

"தேவாலயச் செவுத்துல படம் இன்னும் ஒட்டியிருக்கு. போய்ப் பாரு. இது ரோடு," என்றாள். "ரோட்டுல உக்கார உன்னை எதுக்குக் கேக்கணும்? வேணும்னா ஆபீசர் அம்மாவக் கூப்பிடு. வந்து அளக்கட்டும்."

சேர்மன் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து லிஷோம்வா ஓரமாக ஒதுங்கிப் போனான். பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். தெலேசா அம்மா கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினாள்.

"தம்பி, இங்க வா. இந்தக் கயித்தைப் பிடி."

வந்தான். அவள் குவியலைக் கொஞ்சம் ஒதுக்கி, கயிற்றின் ஒரு முனையைக் குழியில் கால்விரலால் அழுத்திக்கொண்டாள். முடிச்சுப் போட்ட மறுமுனையை அவன் இழுத்துக்கொண்டு போய்த் தான் அடித்த முளையில் வைத்தான். நாற்பது வருஷம் கல் உடைத்த கை கட்டிய முடிச்சு, முளையின் தலையில் சரியாக வந்து உட்கார்ந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

தெருவே பார்த்தது. சேர்மன் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார்.

"மூணு மீட்டர்," என்றான். உரக்கத்தான் சொன்னான். கேட்டு எழுதிக்கொள்ள யாரும் இல்லை.

"ஆமா. அதை நீ எனக்குத் தரணும்," என்று சொல்லிவிட்டு, தெலேசா அம்மா கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கல்லை எடுத்தாள்.

ரோடு போட்டு முடிந்துவிட்டது. மூன்று மீட்டரை அவன் இன்னும் தரவில்லை.