பாய் சூயுன் வேண்டிய வாய்விடை

கூதிர் கழிந்து முன்பனி கால்வைத்த ஒரு நாளின் பிற்பகலில், மஞ்சளாற்றின் தென்கரையில் எழுந்த புழுதிக்காற்றானது கோதுமை வயல்களைக் கடந்து, நகரின் கீழ்ப்புறத்து முசுலிம் தெருவினுள் புகுந்து, இறைச்சிக் கடைகளின் கொக்கிகளை ஆட்டி, எள்ளடை சுடும் அடுப்புகளின் புகையைக் கலைத்து, ஆடவர் பள்ளிவாசலின் பச்சை ஓடுகள்மீதும் எதிர்ச்சாரியில் அடக்கமாய் நிற்கும் மகளிர் பள்ளிவாசலின் சாம்பல் ஓடுகள்மீதும் வேறுபாடு காட்டாது படிந்துகொண்டிருந்தது. மாலைத் தொழுகைக்கு நேரம் நெருங்கவே, தெருவெங்கும் சட்டைப்பைகளினுள்ளிருந்து கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழுகைக்கு அழைக்கலாயின. ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் கூவிய அவ்வழைப்புகளுள் எது சரி என்று வழக்காடியபடியே பெரியவர்கள் கை கால் கழுவச் சென்றார்கள். கற்றறிந்த வாசகரே, இத்தெருவில் நெடுநாள் வாழ்ந்தவன் என்னும் உரிமையால் ஒன்று சொல்வேன்: முன்பு இங்கே மனிதரை மனிதர் ஐயுற்றதுண்டு, நேரத்தையும் குரலையும் ஐயுற்றதில்லை.

அன்று தெருவின் பேச்செல்லாம் பாய் சூயுன் என்னும் மூதாட்டியைப் பற்றியே இருந்தது. நாற்பதாண்டு எள்ளடை சுட்டு இத்தெருவின் பாதி வயிற்றை நிரப்பிய அவள், ஈரல் நோயால் மெலிந்து, மருத்துவர் கைவிரித்து அனுப்பியபின், தன் வீட்டுக் கட்டிலில் கதவைப் பார்த்தவாறு கிடந்தாள். இறக்கும் தறுவாயில் இருப்பவர் தாம் தீங்கிழைத்தவர்களை அழைத்து மன்னிப்பு வேண்டுவதும், அவர்கள் தம் வாயாலேயே ‘பொறுத்துக்கொண்டேன்’ என்று விடுவிப்பதும் எங்கள் மரபு. அதனை வாய்விடை என்போம். மனிதருக்கு இழைத்த தீங்கை அம்மனிதர் பொறுத்தாலன்றி இறைவனும் பொறுப்பதில்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆதலால் அண்டை அயலார் எல்லாரும் வந்து சூயுனுக்கு வாய்விடை தந்து சென்றார்கள். வரவேண்டிய ஒருத்தி மட்டும் வரவில்லை. அவள் திங் யூசின்.

யூசின் ஆட்டெலும்புச் சாறு விற்றவள். அவளுடைய கடையும் சூயுனின் கடையும் ஒரே சுவரின் இருபுறம் இருந்தன. அவள் சாற்றில் இவள் அடையைப் பிய்த்துப் போட்டு உண்டு வளர்ந்த வாய்களே இத்தெருவில் மிகுதி. ஒருநாள் யூசின் கடையின் பின்வாயிலில் பன்றிப் படம் அச்சிட்ட அட்டைப்பெட்டி ஒன்று கிடக்கக் கண்ட சூயுன், அதனைக் கைபேசியில் படமெடுத்து, ‘இதையும் கொஞ்சம் பாருங்கள்’ என்னும் ஒரு வரியோடு தெருவின் கைபேசிக் குழுவில் இட்டுவிட்டாள். அப்பெட்டி மாடியில் குடியிருந்த வேற்றூர்க் கூலியாளுடையது என்பது பின்னர்த் தெரியவந்தது. தெரியவந்து என்ன பயன்? தூய உணவு என்னும் பெயர் ஒன்றையே முதலாகக் கொண்ட கடை, அப்பெயர் போனபின் ஈயோட்டிற்று. யூசின் கடையைப் பூட்டி, மேற்கே தொலைவிலுள்ள லான்சோ நகருக்கு, மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். தன் கைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டாள். அன்றுமுதல் சூயுன் குழுவில் ஒரு சொல்லும் எழுதியதில்லை. அவள் வேண்டியதெல்லாம் அந்த ஒருத்தியின் வாய்விடை. அது கிட்டாமல் மண்ணுக்குள் செல்ல அஞ்சினாள்.

தாயின் அச்சத்தைக் காணப் பொறாத மகன் மூ லின், உறவினர்க்கு உறவினர் வழியாக ஆள்விட்டு யூசினைத் தேடினான். அந்தப் பிற்பகலில், மகளிர் பள்ளிவாசலின் தலைவியும் இறப்போர் தலைமாட்டில் மறையோதும் கடமையுடையவருமான சா ஆகோங் (மறை கற்ற தலைவரை ஆகோங் என்போம்) கட்டிலருகே அமர்ந்திருக்க, முன்பின் அறியாத எண்ணிலிருந்து லின்னின் கைபேசிக்கு ஒரு குரற்செய்தி வந்தது. அவன் அதைத் தொட, யூசினின் குரல் அறையில் எழுந்தது:

“சூயுன் அக்கா, நான்தான் யூசின். உங்க மேல எனக்கு இருந்ததெல்லாம் விட்டுட்டேன். பொறுத்துக்கிட்டேன். படைச்சவன் சாட்சி. நிம்மதியா இருங்கக்கா.”

கேட்ட சூயுன் வாய்விட்டு அழுதாள். மும்முறை போடச்சொல்லிக் கேட்டாள். பல நாளாய்ச் சோறு தண்ணீர் வேண்டாதிருந்தவள், “கொஞ்சம் சாறு குடுங்கடி, அடையைப் பிச்சுப் போட்டு” என்றாள். கூடியிருந்த பெண்டிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார்கள். சா ஆகோங் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவர் கற்றவர், பொய் கூறி அறியாதவர், அதனாலேயே தெரு அவரை நம்பியது. அவர் நெஞ்சில் உறுத்தியது இதுதான். வாய்விடை தருகிறவர் தாமும் திருப்பி வேண்டுவது வழக்கம். ‘நான் பொறுத்தேன், நீங்களும் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று முடியாத வாய்விடையை அவர் தம் வாழ்நாளில் கேட்டதேயில்லை. தெருவில் பிறந்து வளர்ந்த யூசின் அதை மறப்பாளா? அயலூரில் படித்து, வழக்கத்தின் பாதியை மட்டும் அறிந்த இளைஞன் ஒருவன் கட்டிய சொல்லாக இருந்தால் அல்லவோ இப்படி அரைகுறையாக நிற்கும்? அன்றியும், மூ லின்னின் தொழிலே செய்யறிவு கொண்டு குரல் வார்ப்பது. கடைவீதியில் ஓயாமல் கூவும் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு எவர் குரலையும் எடுத்து எதையும் பேசவைப்பான். போன இளவேனிலில்தான், ஆடவர் பள்ளிவாசல் ஆகோங்கின் குரலை எவனோ திருடி, ‘கிணறு வெட்டக் கொடை தாருங்கள்’ என்று பேசவைத்து, கைம்பெண்கள் சிலரின் சேமிப்பைத் துடைத்துக்கொண்டு போயிருந்தான். அடிபட்ட தெரு, எதைக் கண்டாலும் மிரளாதா?

சாறு கொண்டுவந்த தியே அண்ணியே முதலில் வாயைத் திறந்தாள். நாக்கில் நரம்பில்லாதவள் என்று பெயரெடுத்தவள் அவள்.

“ஏன்டா லின், ‘வாங்க வாங்க, சூடா இருக்கு’ன்னு உன் பொட்டி கூவுதே, அதுக்கும் இதுக்கும் எத்தனை வீட்டுத் தூரம்?”

“அண்ணி, வாயை அளந்து பேசுங்க. எங்கம்மா சாகக் கிடக்காங்க.”

“அதான்டா கேக்குறேன்.”

சா ஆகோங் அவனை முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். மாதுளை மரத்தடியில் நின்று, குரலைத் தாழ்த்தி வினவினார்.

“தம்பி, என்கிட்ட மறைக்காத. இது அவ அனுப்பினதுதானா?”

“படைச்சவன்மேல ஆணையா அவங்க அனுப்பினதுதான், ஆகோங்.”

“அப்போ திரும்பக் கூப்பிடு. நான் ரெண்டு வார்த்தை பேசுறேன்.”

அழைத்தான். யூசினின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மீண்டும் அழைத்தான்; அதே விடை. தன் தாயின் பழைய கைபேசியில் யூசினின் குரற்செய்திகள் பல இருப்பதை, கேளாமலே, தானே சொல்லி மாட்டிக்கொண்டான்: “வேணும்னா அதோட ஒப்பிட்டுப் பாருங்க, ஒரே குரல்தான்!” வார்ப்பதற்கு வேண்டிய சரக்கெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது என்றுதான் அது ஆகோங்கின் செவிக்குப் பட்டது.

“நீ பெத்தவமேல வச்ச பாசத்துல செஞ்சிருந்தா, அதைக் குத்தம் சொல்லமாட்டேன்பா. ஆனா பொய் விடுதலையைக் கையில குடுத்து அவங்களை அனுப்பக்கூடாது. உண்மையைச் சொல்லு, இன்னும் நேரம் இருக்கு. லான்சோவுக்கு நானே கிளம்பிப் போறேன்.”

“செய்யலன்னு எத்தனை தடவை சொல்றது? குரல் செய்யத் தெரிஞ்சவன்னா பொய்யன்னு ஆயிடுமா? கறி வெட்டுறவன் எல்லாம் கொலைகாரனா?”

அவன் அழுதான். உண்மையுடையவனும் அழுவான், பொய்யனும் அழுவான். ஆகோங் அந்தக் கண்ணீரை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று அறியாமல் உள்ளே திரும்பினார்.

அறையில் சூயுன் சாற்றைப் பாதி அருந்தி, தலையணையில் சாய்ந்திருந்தாள். வாழ்நாளெல்லாம் வாடிக்கையாளர் முகம் பார்த்தே பசியளந்தவள் ஆகையால், ஆகோங்கின் முகத்தைக் கண்டதுமே அவள் முகமும் மாறியது. மற்றவர்களை வெளியே போகச்சொன்னாள்.

“ஆகோங், நீங்க ஒண்ணும் சொல்லலையே. அது அவதானே?”

இவ்விடத்தில், வாசகரே, நானாக இருந்தால் ‘ஆம்’ என்றிருப்பேன். நீங்களும் அப்படியே சொல்லியிருப்பீர்கள். ஆனால் இறைவனுக்கும் இறக்கின்றவளுக்கும் இடையே அமர்ந்து மறையோதுகின்ற தம் நாவால் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறுவது பழி என்று கருதிய சா ஆகோங் சொன்னார்:

“தெரியலக்கா. அவ திருப்பிக் கேக்கல. அதான் எனக்கு உறுத்துது.”

சூயுன் தானும் அதனை எண்ணிப் பார்ப்பவள்போல் உதடுகளை அசைத்தாள்.

“ஆமா... கேக்கலைல்ல,” என்றாள். “கேட்டிருப்பாளே. அவ மரியாதை தெரிஞ்சவ.”

அதன்பின் சாற்றை அவள் தொடவில்லை. மகன் கைபேசியை நீட்டியபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “என்னை ஏமாத்தாதடா கண்ணு” என்ற ஒரு சொல்லே அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது. பெற்றவள் தன்னைப் பொய்யன் என்று நம்பியபடி போகிறாளே என்று அவன் கட்டில் காலைப் பற்றிக்கொண்டு அரற்றினான். ஆகோங் விடாது ஓதிக்கொண்டிருந்தார். பொழுது விடியும் வேளையில், பார்வை கதவின்மேல் நிலைத்திருக்க, பாய் சூயுனின் உயிர் பிரிந்தது. அமைதியோடு போனாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அங்கிருந்தவர் எவரும் அப்படிச் சொல்லவில்லை.

முற்பகலில் நீராட்டுக்குரிய நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி கிழிக்கப்பட்டது. இறப்பு வீட்டு வழக்கப்படி எண்ணெயில் அப்பம் பொரியும் மணம் சந்து முழுதும் பரவி, இறப்புச் செய்தியை எந்தக் கைபேசிக் குழுவையும்விட விரைவாக வீடுதோறும் சேர்த்தது. அப்போது தோளில் ஒரு துணிப்பையும் தலையில் கருந்துகிலுமாக, தொடர்வண்டிப் பயணத்தால் கசங்கிய உடையோடு, ஒரு பெண் முற்றத்தில் வந்து நின்றாள். கூடியிருந்தவர்கள் பேய் கண்டவர்போல் விலகி வழிவிட்டார்கள். திங் யூசின் வந்திருந்தாள்.

“போயிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“விடியக்காலைல,” என்றார் ஆகோங்.

“நான் சொல்லியனுப்பினது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அது போதும்,” என்று யூசின் பையை இறக்கிவைத்தாள். “ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ராத்திரி பகலா ஆச்சு ஆகோங். சொல்லி முடிச்சதும் கைபேசியை அமுக்கி அணைச்சுட்டேன். எல்லாரும் கூப்பிட்டு, ஆகா ஓகோன்னு சொல்லுவாங்க. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அப்புறம் மனசு கேக்கல. நேர்லயே போயிடுவோம்னு வண்டி ஏறிட்டேன்.”

தியே அண்ணிகூட அப்பச் சட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சா ஆகோங் ஓரடி முன்வந்தார்.

“யூசின், நீ ஏன்மா திருப்பிக் கேக்கல? ‘நீங்களும் என்னைப் பொறுத்துக்கங்க’ன்னு ஒரு வார்த்தை?”

யூசின் அவரை வியப்போடு நோக்கினாள்.

“நான் எதுக்குக் கேக்கணும்? நான் அவங்களுக்கு என்ன செஞ்சேன்? என் கடை போச்சு, என் பேர் போச்சு. அவ்வளவையும் விட்டுக்குடுத்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேக்கிறது மட்டும் என்னால முடியல. அது ஒண்ணை எனக்கு வச்சுக்கிட்டேன்.” பின்பு, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து எதையோ உணர்ந்தவளாய், மெல்லக் கேட்டாள்: “ஏன்? நம்பலையா?”

வழக்கம் என்னும் அளவுகோலால் ஒருத்தியின் மானத்தை அளந்து, குறைகிறது என்று தள்ளிய தம் பிழை, அப்போதுதான் முழு உருவோடு ஆகோங்கின் முன் நின்றது. யூசின் மேலும் கேளாமல், கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு உள்ளே சென்று, நீர்க்குடுவையை எடுத்தாள். இரு பெண்களுமாகச் சூயுனை நீராட்டினார்கள். யூசின் நீரூற்ற, ஆகோங் தேய்த்தார். மூடிய அந்த வாயை ஈரத்துணியால் ஒற்றும்போது, தமக்கு வேண்டிய வாய்விடையைத் தரக்கூடிய வாய் உலகில் அது ஒன்றே என்பதையும், அது இனித் திறவாது என்பதையும் எண்ணி, நீராட்டும் கடமையில் அழலாகாது என்று பிறர்க்குக் கற்பித்த அவரே அழுதார்.

அடக்கம் முடிந்து ஆடவர் இடுகாட்டிலிருந்து திரும்பியபோது, சா ஆகோங் தெருமுனையில் காத்திருந்து மூ லின்னை நிறுத்தினார். எல்லார் முன்னிலையிலும் தலை தாழ்த்தினார்.

“லின், உன்னைப் பொய்யன்னு நினைச்சேன். உங்கம்மாவையும் நினைக்கவச்சேன். அவங்ககிட்ட கேக்க எனக்கு வழியில்ல. நீயாவது என்னைப் பொறுத்துக்கப்பா.”

இடுகாட்டுப் புழுதி படிந்த முகத்தோடு அவன் அவரை நேராகப் பார்த்தான்.

“பொறுத்துக்கிட்டேன் ஆகோங். என் வாயாலயே சொல்றேன். நானும் உங்கமேல கோவப்பட்டுட்டேன். நீங்களும் என்னைப் பொறுத்துக்கங்க.”

“பொறுத்துக்கிட்டேன்பா,” என்றார் அவரும்.

குறையேதுமில்லை. வாயால் தந்தான்; கண்ணுக்கு முன் நின்று தந்தான்; வழக்கப்படி திருப்பியும் வேண்டினான். தெருவார் தலையசைத்துக் கலைந்தார்கள். ஆயினும் மகளிர் பள்ளிவாசலின் படியேறிய சா ஆகோங், கதவைத் தாழிட்டபின், ‘ஊரார் பார்க்கிறார்களே என்று சொன்னானோ? அவன் முகம் மாறவேயில்லையே?’ என்று தம்மைத் தாமே வினவிக்கொண்டு, தொழுகை விரிப்பை விரிக்காமல் நெடுநேரம் நின்றார்.

அந்த இரு நாளில் எங்கள் தெருவில் பொய்க்குரல் ஒன்றும் ஒலிக்கவில்லை, வாசகரே. யூசின் சொன்னதும் மெய், லின் சொன்னதும் மெய், ஆகோங் சொன்னதும் மெய். அத்தனை மெய்களுள் ஒன்றையேனும் ஏற்றுக்கொள்ளும் செவி மட்டும் எங்களிடம் இல்லாதொழிந்தது.