எண்பத்தெட்டு நிமிடம்

கால்பந்தில் தடுப்பாட்டக்காரனின் பிழைப்பைப் போல நன்றிகெட்ட பிழைப்பு வேறு கிடையாது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கி ஆடுவார்கள். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவனை யார் கண்டார்கள்? உருகுவே நாட்டு ரூபென் லர்ரால்தே பதினான்கு வருடமாக இந்த வேலையைத்தான் பார்த்தான். மான்டெவிடியோவில் ஒன்பது, புவனோஸ் ஐரிஸில் மூன்று, கடைசி இரண்டு மான்ட்ரியலில். அவன் யாரையும் இடறி விழவைக்க மாட்டான், சட்டையைப் பிடித்து இழுக்க மாட்டான். பந்தோடு வருகிறவன் பக்கத்திலேயே ஓடி, கோலுக்குப் போகும் வழியை மறைத்து, அவனை அலுங்காமல் ஓரக்கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான்.

1972 ஜூலையில் பிரேசில் குழு ஒன்று அங்கே காட்சி ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. அதில் தாலியோ என்ற பெரிய நட்சத்திரம். டிக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சோபா கடை வைத்திருந்த கிளப் முதலாளி பெல்மார், டாக்டர் வசுமதியின் அறைக்கு வந்தார். வசுமதி மெட்ராஸில் படித்த எலும்பு வைத்தியர். ஆஸ்பத்திரி வேலை போக, கிளப் ஆட்டக்காரர்களையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

“ரூபெனோட முட்டி மோசம்னு நீங்கதானே சொன்னீங்க? ஞாயித்துக்கிழமை ஆட முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, டாக்டர்.”

“திடீர்னு என்ன அக்கறை?”

“ஜனங்க தாலியோ கோல் போடறதைப் பாக்க வராங்க. ஒரே ஒரு கோல் விட்டுக் குடுன்னு கேட்டேன். முடியாதுங்கறான். காரணம் இல்லாம உக்கார வெக்க ஒப்பந்தம் இடம் குடுக்கல.”

வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டி மோசம்தான், அதில் பொய்யில்லை. மே மாதமே ஆபரேஷன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அப்போது ரூபென் ஆடியாக வேண்டும் என்பதால் இதே மனிதர் ஒரு படிவம் அச்சடித்து வந்தார். டாக்டர் சொல்வது வெறும் யோசனை, ஆட்டக்காரன் சொந்தப் பொறுப்பில் ஆடலாம் என்று அதில் இருந்தது. வாராவாரம் கையெழுத்துப் போட்டுத்தான் ரூபென் ஆடினான். இப்போது முட்டியைக் காட்டி அவனை ஓரங்கட்டப் பார்க்கிறார்.

“என் கடிதம் வெறும் யோசனைதான்னு நீங்கதானே சட்டம் பேசினீங்க. அந்தப் படிவம் இன்னும் இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டா அவர் ஆடுவார்” என்றாள்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, சாயங்காலம் ரூபெனின் முட்டியை அழுத்திப் பார்த்தபோது அவளுக்கு அந்தத் தைரியம் இல்லை. “இந்த ஆட்டத்தோட உங்க கால்பந்து முடிஞ்சிடலாம், ரூபென். எனக்கு பயமா இருக்கு.”

“கோல் போடச் சொல்லியிருந்தா முடிஞ்சவரை பாத்திருப்பேன், டாக்டர். விடச் சொல்றாங்க. பதினாலு வருஷமா நான் செஞ்ச ஒரே வேலை விடாம இருந்ததுதான். அதையும் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட ஊருக்குப் போறது?” என்றான் அவன். அப்படியே படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

லாசால் பகுதியில் இருந்த வீட்டில் கணவர் ரகுநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எதுக்கு வசு இந்த வம்பு? அந்த ஆள் உன்னைத் தூக்கிடுவான்” என்றார்.

“தூக்கட்டும். கை கால் உடைச்சுக்கறவங்க இந்த ஊர்ல நிறைய பேர் இருக்காங்க.”

ரகுநாதன் கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தார். “எனக்கும் ஒரு டிக்கெட் கிடைக்குமா?” என்றார்.

ஞாயிறு மதியம் மைதானம் நிரம்பி வழிந்தது. தாலியோ வலப்பக்கம் போனால் ரூபென் அங்கே, இடப்பக்கம் போனால் அங்கேயும் ரூபென். நட்சத்திரத்தைப் பன்னிரண்டு முறை ஓரக்கோட்டில் கொண்டுபோய் விட்டான். ரகுநாதன் விரல் விட்டு எண்ணினார். சொந்த ஊர் ஜனங்களே சொந்த ஆட்டக்காரனைப் பார்த்து ஊளையிட்டார்கள். எண்பதாவது நிமிடம் ரூபெனின் முட்டி மடங்காமல் மாட்டிக்கொண்டது. வசுமதி ஓடினாள். “வெளியே வாங்க.” “இறுக்கிக் கட்டுங்க, டாக்டர்.” கட்டினாள்.

எண்பத்தெட்டாவது நிமிடம் ரூபெனுக்குப் பத்தடி தள்ளி, தாலியோ தன் கால் தடுக்கித் தானே விழுந்தான். நடுவர் விசில் ஊதி பெனால்டி கொடுத்தார். தாலியோவே அடித்தான், எதிரில் கோல்கீப்பர் மட்டும். பந்து உள்ளே போனது. மைதானமே எழுந்து கூத்தாடியது, பெல்மார் சோபா வாங்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். ரூபென் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“பாத்தீங்களா? விசில் இல்லாம அவனால முடியல” என்றான்.

திங்கட்கிழமைப் பேப்பர்களில் பக்கம் பக்கமாகத் தாலியோ. பெல்மார் காலையிலேயே வசுமதியின் அறையில், ரூபென் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இனி ஆட முடியாது என்று எழுதினால் அன்றே ரூபெனின் ஒப்பந்தம் முடிந்தது. இந்த முறை எழுதாமல் இருக்க வழியில்லை. முட்டி போயே போய்விட்டது, ரூபென் இனி ஆட மாட்டான். அவள் எழுதினாள். ‘காயம் எப்படி ஏற்பட்டது’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதினாள்: தாலியோவை எண்பத்தெட்டு நிமிடம் தடுத்ததில். பெனால்டி தவிர, ஓடும் ஆட்டத்தில் தாலியோ போட்ட கோல் எதுவுமில்லை.

பெல்மார் எட்டிப் பார்த்தார். “இதெல்லாம் வைத்தியமா? அந்த வரியை அடிங்க.”

“எப்படின்னு உங்க படிவம்தான் கேக்குது. இப்படித்தான். அடிக்க மாட்டேன். வேற டாக்டரைப் பாத்துக்கோங்க.”

ரூபெனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவள் படித்துக் காட்டினாள். கட்டிலில் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னொரு தடவை படிங்க, டாக்டர்.”

வசுமதி பெல்மாரைப் பார்த்தபடி, முன்னைவிடச் சத்தமாகப் படித்தாள்.