குளிகையில் போட்ட கையெழுத்து

கீழ்க்கட்டளை நீச்சல் குளத்தில் காலை ஆறு மணி யாருக்கு என்பதை ஒரு நோட்டுப்புத்தகம்தான் தீர்மானிக்கும். மாதாமாதம் இருபத்தைந்தாம் தேதி, காலை ஆறரைக்கு மேனேஜர் எலியேசர் அதை மேஜையில் விரித்து வைப்பார். எதற்கு என்று எழுதி முதலில் கையெழுத்துப் போடுபவருக்கு அடுத்த மாதம் முழுக்க அந்த நேரம்.

ஏழு மாதமாக முதல் கையெழுத்து சத்யநாராயணன் சாருடையது. மூட்டுவலிக்காரர்கள் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்தபடி ஊர்க்கதை பேசுவார். நீச்சல் கிளப் கோச் ஸ்ரீவித்யாவுக்கு வயிறு எரியும். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. ஏழரைக்குப் பிள்ளைகளின் ஸ்கூல் வேன் வந்துவிடும். ஆறு மணி கிடைக்காவிட்டால் பயிற்சியே கிடையாது.

இந்த முறை இருபத்தைந்து சனிக்கிழமையில் விழுந்தது. காலண்டரில் அதைக் கவனித்த நாளிலிருந்து அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்று சத்யநாராயணன் பேனா மூடியைக் கழற்றும் வரை காத்திருந்துவிட்டு, மகா பவ்யமாகக் கேட்டாள்.

"சார், சனிக்கிழமை ஆறுலேர்ந்து ஏழரை குளிகையாச்சே? அதுல எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும்பாங்க. முட்டிவலிக்குன்னு கையெழுத்துப் போடறீங்க, பரவாயில்லையா?"

ராகு காலம் பார்க்காமல் பால் பாக்கெட்கூட வாங்காத மனிதர். பேனாவை மூடிவிட்டார்.

"நல்ல வேளை சொன்னீங்கம்மா. ஏழரைக்கு மேல போட்டுக்கறேன்."

"அப்ப நான் போட்டுடறேன் சார். எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை இல்ல."

போட்டுவிட்டாள். பெரியவரை ஏமாற்றியது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு இருபத்தாறுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் படித்தார்.

"'மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி'ன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமா சார்."

"குளிகையில எழுதினது. பயிற்சி திரும்பத் திரும்ப நடக்கும், ரொம்ப சந்தோஷம். பதக்கம்னு ஒரு வார்த்தை சேர்க்கலியேம்மா?"

அவர் முகத்தில் கள்ளம் இருந்ததா இல்லையா, கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்ரீவித்யா சிரித்துக்கொண்டே கேட் வரை நடந்தாள். போனில் மணி பார்த்தாள். ஏழு இருபத்தெட்டு. விழுந்தடித்துத் திரும்பி ஓடி வந்தாள்.

"எலியேசர் அண்ணா, அந்த நோட்டைக் கொடுங்க!"

"இன்னா மேடம், உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லியே?"

"பேசாம பேனாவைக் கொடுங்கண்ணா!"

பதக்கம் என்று எழுதினாள். எலியேசர் நோட்டை மூடப்போனார். அவர் கையைத் தட்டிவிட்டு, அதற்கு முன்னால் 'தங்க' என்றும் சேர்த்தாள்.