ஒரு ராத்திரி ஊறிய கிழங்கு

மகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவான நாளிலிருந்து மக்கியேசே அவளை நிம்மதியாக உட்கார விடவில்லை. லுசோலோவுக்குப் பன்னிரண்டு வயது. அவர்கள் ஊர்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. ஏழாவது படிக்க ஒன்றரை நாள் நடந்து ஆற்றுத்துறை ஊருக்குப் போக வேண்டும். அங்கே விடுதி கிடுதி ஒன்றும் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு ஊராரும் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு புல் குடிசை கட்டிப் போட்டிருப்பார்கள். பிள்ளைகளே விறகு பொறுக்கி, தண்ணீர் சுமந்து, கிண்டித் தின்று, படித்துக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர்கள் யாரும் கூட இருக்க மாட்டார்கள்.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். சோறு கட்டிக் கொடுக்க மக்கியேசேயிடம் வழியில்லை. புருஷன் அங்கோலாவுக்கு வைரம் தோண்டப் போய் நாலு வருஷம். கல்லும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆகவே சொல்லைத்தான் மூட்டை மூட்டையாகக் கட்டினாள்.

கத்தியைக் கூரையில் செருகி வை, தரையில் போடாதே. அடுப்பை அணைத்துவிட்டுப் படு. தீட்டுத் துணியை மறைவாகத் துவை, ஆனால் வெயிலில் காயப்போடு. கதவைத் தட்டுகிறவன் வாத்தியாரே ஆனாலும் வெளியில் நின்று பேசச் சொல். லுசோலோ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஆட்டிவிட்டுச் செய்தும் காட்டுவாள். அதுதான் அந்தப் பிள்ளையிடம் உள்ள விசேஷம். சொன்னால் சொன்னபடி செய்வாள். சொல்லாததைச் செய்ய மாட்டாள்.

கடைசியாகக் கிழங்குப் பாடம். அந்தச் சீமையில் விளைவது கசப்பு மரவள்ளி. பன்றியும் தோண்டாது, பூச்சியும் தொடாது, மழை பொய்த்தாலும் அது நிற்கும். தோலுரித்து ஓடைக் குழியில் ஊறப்போட்டு, பிசைந்து உலர்த்தி, இடித்துச் சலித்து, கொதிநீரில் கிண்டினால் லுக்கு. அந்தக் களி இல்லாத சாப்பாட்டை அங்கே யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை.

"மூணு ராத்திரி ஊறணும். எண்ணிக்கோ. மூணு," என்றாள் மக்கியேசே, முழங்கால் தண்ணீரில் நின்றபடி.

"ரெண்டு ராத்திரியிலேயே பூப்போல ஆயிருதே. ஏன் மூணு?"

ஏன் என்று மக்கியேசேக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் சுகாதார நிலையத்து நர்ஸ் கபாத்தா ஊருக்கு வந்து, பெண்களை மரத்தடியில் உட்காரவைத்து, அரைகுறையாய் ஊறிய கிழங்கைத் தொடர்ந்து தின்றால் கொன்சோ வரும், அது காலைக் கட்டிப்போடும், அவிழ்க்க மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஊரில் கம்பு ஊன்றி, முழங்கால் முழங்காலோடு உரச நடப்பவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அது செத்தவர்களின் சாபம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தது. பயணம் புறப்படப்போகிற பிள்ளையின் காதில் கொன்சோ என்ற பெயரைப் போடக்கூடாது, போட்டால் அது வழித்துணையாகக் கூடவே கிளம்பிவிடும் என்பது அந்த ஊர்க் கட்டு. மகள் கிளம்ப இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

"கசக்கும்," என்றாள் மக்கியேசே.

அவள் கெட்டவள் இல்லை. பாசம் முற்றினால் புத்தி மங்கும், அவ்வளவுதான். ஆனாலும் கதை சொல்கிற எனக்கு அவள்மேல் கோபம் உண்டு, இப்போதும் உண்டு.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. அவரை பூவோடு கருகியது. மரத்தில் பிடித்து வறுத்துத் தின்னும் புழுவும் இல்லை, ஆற்றில் மீனும் இல்லை. ஆற்றுத்துறைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த மரவள்ளிக் கொல்லை மட்டும் பச்சையாக நின்றது. லுசோலோ பள்ளிக்குப் போன ஐந்தாம் மாதம் ஒரு சைக்கிள் வியாபாரி மக்கியேசேயின் வாசலில் இறங்கினான்.

"உங்க பொண்ணு எந்திரிக்க மாட்டேங்குதாம். போய்ப் பாருங்க."

"காய்ச்சலா?"

"காய்ச்சல்னு யாரும் சொல்லல."

மலேரியாவாகத்தான் இருக்கும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு நடந்தாள். மலேரியாவை வேண்டிக்கொள்ளும் தாயை அன்றைக்குத்தான் கடவுள் பார்த்திருப்பார்.

குடிசையில் கத்தி கூரையில் செருகியிருந்தது. அடுப்புச் சாம்பல் வாரியிருந்தது. துணிகள் மடித்திருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. லுசோலோ பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பயந்துராதே. வலியே இல்ல. போன வாரம் தூரமாப் போயி விறகு சுமந்துட்டு வந்தேன். மறுநா விடிஞ்சு எந்திரிச்சா கால் சொன்ன பேச்சைக் கேக்கல."

"எந்திரி, பாக்கலாம்."

சுவரைப் பிடித்து எழுந்தாள். முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்தன. குதிகால் தரையில் படவில்லை. இரண்டு எட்டு வைப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. மக்கியேசே அவளைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தாள்.

"எத்தனை ராத்திரி ஊறப்போட்டே?"

"ஒண்ணு."

"மூணுன்னுதானேடி சொன்னேன்."

"மூணு ராத்திரி போட்டா குழியில ஒரு கிழங்கு மிஞ்சாது அம்மா. துறைக்காரப் பசங்க வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க. ரெண்டு தரம் பட்டினி கெடந்தோம். அப்புறம்தான் யோசிச்சேன். கசக்கும்னுதானே நீ சொன்னே, கசந்தா என்ன, பொறுத்துக்கலாம்னு. முதல்ல கசந்துச்சு. அப்புறம் பழகிருச்சு."

அவள் குற்றம் சாட்டவில்லை. கணக்குக்கு விடை எப்படி வந்தது என்று வாத்தியாருக்கு விளக்குவதுபோல் சொன்னாள். தன்னைத் திட்டியிருந்தால் மக்கியேசேக்கு அது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

மகளை முதுகில் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை முதுகில் பார்த்துச் சந்தையில் சிரித்தவர்களும் உண்டு. கபாத்தா முழங்காலுக்குக் கீழே தட்டினான். கால் உதைத்தது, உதைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இது திரும்பாதும்மா," என்றான். "இதுக்கு மேல போகாமப் பாத்துக்கலாம். கம்பு வெட்டிக் குடுங்க, பழகிரும். பயறு, மீன் ஏதாச்சும் சேத்துக் குடுங்க."

"பயறு விளைஞ்சிருந்தா நான் குடுக்க மாட்டேனா?"

"எனக்குத் தெரியும். சொல்றது என் வேலை." நோட்டில் ஊர்ப் பெயரை எழுதியவன் நிமிர்ந்தான். "உங்க ஊருக்கு நான் வந்து சொன்னேனே."

"சொன்னீங்க."

"பிள்ளைகிட்டச் சொல்லலையா?"

மக்கியேசே மகளை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டு எழுந்தாள். குடிசைக்குத் திரும்பும் வழியில்தான், முதுகிலிருந்தபடியே, மகள் அடுத்ததைச் சொன்னாள். அம்மாவைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்.

"அம்மா, நான் மட்டும் பிழைச்சுக்கலை, தெரியுமா? நம்ம குடிசையில ஆறு பேரு. பெம்பாவுக்குத் தோலுரிக்கக்கூடத் தெரியாது. நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததையெல்லாம் அவளுகளுக்கும் சொல்லிக் குடுத்தேன். ஒரு ராத்திரிக் கணக்கும் நான் சொன்னதுதான். அதுக்கப்புறம் யாரும் பட்டினி கெடக்கல."

மக்கியேசேயின் நடை ஓட்டமாயிற்று.

பள்ளி விட்டு வந்த ஐந்து பெண்களையும் முற்றத்தில் நிறுத்தினாள். எல்லாருக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான். ஊர்க் கட்டு நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னாள்.

"கொன்சோ. பேரைக் கேட்டுக்கோங்க. சாபம் இல்ல, சூனியம் இல்ல. ஊறாத கிழங்குல இருக்குது. மூணு ராத்திரி ஊறாததை இனிமே ஒருத்தியும் வாயில வைக்கக் கூடாது. திருட்டுப் போனாப் போகட்டும். நான் இங்கேயே தங்கி அந்தக் குழியைக் காக்கிறேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப அந்த மாமரம் வரைக்கும் நடந்துட்டு வாங்க. ஒவ்வொருத்தியா."

விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். முதல் பெண் கையை வீசி நடந்தாள். அடுத்தவள் ஓடினாள். ஓட வேண்டாம், நட என்று திருப்பி அனுப்பினாள் மக்கியேசே. மூன்றாவதும் நான்காவதும் நேராகப் போய் நேராக வந்தார்கள். ஒவ்வொரு பெண் திரும்பும்போதும் அவளுக்கு ஒரு மூச்சு திரும்பியது.

பெம்பா கடைசி. அங்கே எல்லாரையும்விடச் சிறியவள்.

"கால் மரத்திருக்கு," என்றாள். "வகுப்புல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்ல."

"பரவாயில்ல கண்ணு. மெதுவாப் போ."

போனாள். மாமரத்தைத் தொட்டுத் திரும்பும்போது முழங்கால்கள் இடறின. மற்ற பெண்கள் சிரித்தார்கள், ஏதோ நடித்துக் காட்டுகிறாள் என்று.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த லுசோலோ மட்டும் சிரிக்கவில்லை.

"பெம்பா, குதிகாலை ஊனி நட," என்றாள்.

"ஊனிட்டுத்தான்க்கா இருக்கேன்," என்றது பிள்ளை, நுனிக்காலில் நின்றுகொண்டு.