பதினேழாம் மனையில் ஒரு முழக் குழி

மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பிறப்பு முதல் இன்றுவரையிலான சரித்திரத்தைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் மூன்றே பேர்தான் இருக்கிறார்கள் என்றும், மற்ற இரண்டு பேர் யாரென்று தனக்குத் தெரியாது என்றும் கவியரசன் தன் அப்பாவிடம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். சேலத்தில் பாலிடெக்னிக்கில் சிவில் மூன்றாம் வருஷம் படிப்பவன். மண்ணைப் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதலாவது. சொல்லத் தகுதி உண்டு.

அப்பா கந்தசாமி அப்போது பதினேழாம் நம்பர் மனையின் நடுவில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வடக்கனந்தலில் குத்தகைக்கு உழுகிறவர். குடியிருந்த வீடும் நிலத்துக்காரருடையது. தை பிறந்தால் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். கள்ளக்குறிச்சி ரோட்டோரம் புதிதாக வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். கைக்கு எட்டியது இந்த ஒன்றுதான். வாங்குவதற்கு முன் அவர் ஒரே ஒரு காரியம் செய்ய ஆசைப்பட்டார்.

"ஒரு மொழம் நீளம், ஒரு மொழம் அகலம், ஒரு மொழம் ஆழம்" என்று முழங்கையைத் தரையில் வைத்து அளந்தார். "குழி எடுத்து, எடுத்த மண்ணை மறுபடி அதுலயே கொட்டணும். மிஞ்சினா வூடு நெலைக்கும். கொறைஞ்சா கூடாது. எங்கப்பா காலத்துலேர்ந்து இதான்."

"யாரு மொழம்ப்பா? உன்துதா, ராஜா மொழமா?"

"என்துதான்டா. கூட நீதான இருக்குற, வேற யாரு மொழம்?"

"தோண்டின மண்ணைத் தோண்டின குழியில போட்டா சரியாத்தாம்ப்பா இருக்கும். கணக்கு அப்படி. மண்ணுக்கு இன்னா வயிறா இருக்கு, ஒரு நாளு ஜாஸ்தி, ஒரு நாளு கம்மின்னு சாப்பிட?"

பிறகு கவியரசன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான். உள்ளங்கையில் தேய்த்தான், மோந்தான், எச்சில் தொட்டு உருட்டினான். நல்ல சிவப்பு. தீர்ப்பு வந்தது: "இந்த மண்ணு பொறந்த எடத்தை விட்டு ஒரு அடி நகரல. கீழ பாறை தாயி, மேல மண்ணு பிள்ளை. லட்சக்கணக்கான வருசமா இங்கியே கெடக்குது. மூணு மாடி கட்டலாம்."

கந்தசாமி மூன்று மாடி கேட்கவில்லை; மூன்று ரூம் போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் படித்த பிள்ளை சொன்னான் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மனை பதிவாயிற்று. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. கவியரசன் விடுதிக்குப் போய், கையெழுத்துப் பத்திரிகையில் 'குழி ஜோசியம்' என்று ஒரு கட்டுரை எழுதினான். நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது ஆவணி. புரட்டாசி பிறந்ததும் பிறக்காததுமாக, இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். பாலிடெக்னிக்கை மூடினார்கள். கள்ளக்குறிச்சி வரை எப்படியோ வந்து சேர்ந்த பஸ், அதற்கு மேல் போகாது என்றது. ஊர்ப் பக்கம் கிளம்பிய ஒரு லாரியில் கவியரசன் தொற்றினான். ஓட்டியவர் ராசு, நாற்பது வயது. பின்னால் இடிந்த சுவரும் ஓடுமாகக் கிடந்த சுமையின் மேல் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் சாலம்மாள், மண் வாருகிற வேலைக்காரி.

ஐந்து மைல் போயிருப்பார்கள். எதிரே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. ராசு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். இரண்டு நிமிஷத்துக்கு முன் நின்றுகொண்டிருந்த இன்னொரு புளியமரமும் இப்போது படுத்திருந்தது. ஆக, இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு மைல் ரோடு. அதில் ஒரு லாரி, பால் வராததால் மூடிய ஒரு டீக்கடை, மூன்று மனிதர்கள், அப்புறம் கவியரசனுக்கு நன்றாகத் தெரிந்த வெள்ளைக் கற்கள்.

"பின்னாலயும் போவ முடியாது, முன்னாலயும் போவ முடியாது. சுமையோட மாட்டிக்கினீங்களே அண்ணே" என்றான் அனுதாபமாக.

"நமக்கு இன்னா தம்பி? வர வேண்டிய எடத்துக்கு வந்துட்டோம்." ராசு மனைகளைக் காட்டினார். "இங்கதான் கொட்டணும். நாலு மாசமா கொட்டிக்கினுதான் இருக்கோம்."

கவியரசன் வெள்ளைக் கற்களைத் திரும்பிப் பார்த்தான். "இங்க எதுக்குக் கொட்டணும்? இது செம்மண் பூமியாச்சே."

மேலே இருந்து சாலம்மாள் சிரித்தாள். "செம்மண்ணு கரியாலூரு போற வழில, மலை அடியில வெட்டியாந்தது. மேலாக்க ஒரு சாணு. கொண்டையில பூ வெச்சாப்புல."

"கீழ?"

"கீழ இன்னா இல்ல? டவுன்ல ரோடு அகலம் பண்ணச்சொல்ல இடிச்ச கடைங்க, மில்லு உமிச்சாம்பலு, ஓடு, சுண்ணாம்பு. ஒரு தபா ஓட்டை சைக்கிள் ஒண்ணு முழுசா உள்ள போச்சு. எடுக்கலாம்னு பாத்தேன், இந்த அண்ணன் விடல."

"செங்கல் சூளைப் பள்ளம் தம்பி இது" என்றார் ராசு. "ரெண்டு ஆளு ஆழம். பின்னால ஒரு மூலைதான் இன்னும் பாக்கி."

"எல்லா மனையுமா?"

"அது எப்பிடி சொல்றது? சூளைக்காரன் கோணலும் மாணலுமா வெட்டி வெச்சிருந்தான். நடுநடுவுல பழைய தரை திட்டுதிட்டா நின்னுக்கினு இருந்துது. நம்பர் கல்லு அப்புறமாத்தான் நட்டாங்க. செம்மண்ணு போட்டு மட்டம் பண்ணதுக்கப்புறம் எது திட்டு, எது பள்ளம்னு கொட்டின எங்களுக்கே தெரியாது. ஏன், சொந்தக்காரங்க யாருனா வாங்கிக்கினாங்களா?"

"இல்ல" என்றான் கவியரசன். "பொது அறிவுக்குக் கேட்டேன்."

லட்சக்கணக்கான வருஷமாக இங்கேயே கிடந்த மண் இந்த லாரியில்தான் வந்திருக்கிறது. அவனைப் போலவே.

அடுத்த நாள் முழுக்க அவன் பாடத்தை நினைத்துப் பார்த்தான். கொட்டிய மண் மண்ணே அல்ல. அது ஒரு கூட்டம். செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பொந்து இருக்கும். சாம்பல் அமுங்கும், சுண்ணாம்பு இறுகும். ஒரு இடம் தண்ணீரைக் குடிக்கும், பக்கத்து இடம் துப்பும். வீட்டின் ஒரு பாதி நிற்கும். மறு பாதி ஐப்பசி மழையில் உட்காரும். சுவர் நடுவில் பிளக்கும். எட்டு மதிப்பெண் கேள்வி, இவன் ஏழரை வாங்கியிருந்தான். பதினேழாம் நம்பருக்குக் கீழே திட்டா, பள்ளமா என்று பார்க்க மண்ணைக் குத்தி எடுக்க ஒரு உருளை, நிறுக்கத் தராசு, உலர்த்த அடுப்பு, ஒரு நாள் அவகாசம் போதும். எல்லாம் சேலத்தில் பாலிடெக்னிக்கில் இருந்தன. இவனிடம் ஒரு சீப்பும் பேனாவும் இருந்தன.

ஊருக்கு நடந்து போய் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எதிரே விழுந்த மரத்துக்குப் போனான். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மறியல்காரர்கள், எந்த ஊரு, யாரு வூட்டுப் பையன் என்று விசாரித்தார்கள். கையில் ஒரு இலைச் சோறும் கொடுத்தார்கள். "அந்தாண்ட போலீஸு நிக்குது. வயசுப் பையன் தனியா போனா வண்டில ஏத்திக்கினு போயிடறாங்க. பேசாம திரும்பு." பின்னால் விழுந்த மரத்துக்குப் போனான். அங்கேயும் போலீஸ்தான். அவன் கையிலிருந்த இலையைப் பார்த்து, "சாப்பாடெல்லாம் பலமா இருக்கே, எந்த மரம் வெட்டுன?" என்றார் ஒருவர். திரும்பினான். ஒரு மைல் ரோட்டில் அன்று ஒன்பது தடவை நடந்தான். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் பதினேழு என்று எழுதிய கல் வந்தது.

பிற்பகலில் ஒரு மழை பெய்தது. மனையின் கிழக்குப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. மேற்குப் பக்கம் விழுந்த தண்ணீர் போன இடம் தெரியவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டால் எங்கோ உள்ளே களுக் களுக் என்று விழுங்குவது போலிருந்தது. எலி வளையாக இருக்கும் என்று கவியரசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மண் சரித்திரம் தெரிந்த மூவரில் ஒருவன் சொன்னதால் நம்ப வேண்டியதாயிற்று. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, ராசு வண்டிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கவியரசன் சாலம்மாளிடம் போனான்.

"அக்கா, மம்புட்டியும் கூடையும் ஒரு அரை மணி நேரம் குடு."

"இன்னாத்துக்கு?"

"வெளிய போவணும்."

"சரி. கூடையும் கேக்குறியே, அது இன்னாத்துக்கு?"

அவன் இரண்டையும் வாங்கிக்கொண்டு நடந்தான்.

கிழக்கு மூலையில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்டியிட்டான். முழங்கையைத் தரையில் வைத்து அளந்தான். ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே மண்வெட்டி டங்கென்று எகிறியது. கெட்டியான பழுப்புத் தரை. மழைத் தண்ணீர் ஒரு விரல்கூட உள்ளே இறங்கவில்லை. ஒரு முழம் எடுக்க உயிர் போயிற்று. எடுத்ததைத் திருப்பிக் கொட்டினான். குழி நிறைந்தது. மேலே இன்னும் ஒன்றரைக் கூடை மண் மிஞ்சியது.

இறுகிக் கிடந்த மண்ணை வெட்டினால் பொங்கும் என்பது இரண்டாம் பாடம், முதல் பக்கம். அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மார்க் வாங்கியவன்தான் அப்பாவிடம் கணக்குச் சொன்னவன். கவியரசன் இதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் மேற்கு மூலைக்குப் போனான்.

அங்கே மண்வெட்டி சிரமப்படவில்லை. செம்மண் முடிந்ததும் கறுப்பாக உமிச்சாம்பல், பிறகு ஓட்டுத் துண்டு, ஏதோ கடையின் நீலச் சுவர்க் காரை ஒரு கையகலம், செருப்பின் வார். முழம் ஆனது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் உள்ளே தள்ளினான். குழியின் விளிம்புக்கு ஒரு சாண் குறைந்தது. கூடையைக் கவிழ்த்துத் தட்டினான். மண்வெட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டான். முழங்காலில் இருந்ததையும், நகக்கண்ணில் இருந்ததையும் உதறினான். அப்போதும் ஒரு சாண் குறைந்தது.

"போலீஸு புடிச்சிக்கினு போயிட்டான்னு உங்கம்மா அழுவுறாடா."

மறியல்காரர்களிடம் விசாரித்து வரப்பு வழியாக வந்திருந்த அப்பா, தூக்குவாளியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். கிழக்கே கிடந்த குவியலைப் பார்த்தார். மேற்கே இருந்த பள்ளத்தைப் பார்த்தார். தூக்குவாளியைக் கல்லின் மேல் வைத்தார்.

"இன்னாடா செய்ற?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா ஒரு பரிசோதனை."

"கெழக்கால மிஞ்சுச்சா?"

"ஒன்றரைக் கூடை."

"மேற்கால?"

கவியரசன் பள்ளத்துக்குள் கையை விட்டு ஒரு சாண் அளந்து காட்டினான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அப்பா திட்டவில்லை.

"பாதி மனை எங்கேர்ந்தோ வந்ததுப்பா" என்றான் கடைசியில். "மூணு ரூமு தாங்காது."

"ரெண்டு தாங்குமா?"

"கெட்டித் தரை முடியற கோடு எங்க இருக்குதுன்னு பாக்கணும்."

மனையின் நடுவுக்கு நடந்து போனான். ஈரத்தில் மண்டியிட்டு முழங்கையைத் தரையில் வைத்தான். வைத்தவன் சற்று யோசித்து, கையை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் அப்பாவுக்கு இடம் விட்டு நகர்ந்தான். கந்தசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி, தன் கையை நீட்டினார். விரல் நுனி தொட்ட இடத்தில் கவியரசன் மண்வெட்டியால் ஒரு கோடு கிழித்தான். பிறகு தோண்ட ஆரம்பித்தான்.